அத்தை காட்டிய இடது கை

எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் கதவின் மேல் விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. சுண்டு விரல் நுனி உட்காரும் அளவு. கீழே நின்று பார்த்தால் தெரியாது. போன வருடம் பெயிண்ட் அடிக்க வந்தவர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எலி கடிச்சிகீதா?" என்று கேட்டார். எலி இல்லை, கயிறு. துணி காயப்போடும் நீல நைலான் கயிறு. என் மாமியார் அந்தக் கதவின் மேல் கயிற்றைப் போட்டு, கதவுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொள்வார். நன்றாக இருந்த இடது கையால் கீழே இழுப்பார். தேய்ந்துபோன வலது கை மெல்ல மேலே ஏறும். காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை. ஆறு வருடம் இப்படி நடந்ததில் மரம் தேய்ந்ததே தவிர தோள் தேறவில்லை. அந்தப் பள்ளத்தை அடைக்க வேண்டாம் என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சும்மாதான் என்றேன். போன திங்கட்கிழமையிலிருந்து அதே பள்ளத்தில் என்னுடைய கயிறு ஓடுகிறது.

நான் கணக்கு டீச்சர். சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகும் வழியில் ஒரு அரசுப் பள்ளி. வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு, எண்கள் மட்டும் இரண்டு இடத்திலும் இங்கிலீஷ் என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. அந்த முப்பது வருடமும் பலகையில் எழுதிய வலது தோள் மூன்று வருடத்துக்கு முன்னால் முனக ஆரம்பித்தது. முதலில் பஸ்ஸில்தான் தெரிந்தது. பிள்ளையாரைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு மேல் கம்பியைப் பிடித்தால், தோளுக்குள் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்கும். பிறகு தலை வாருவது போயிற்று, கொடியில் துணி போடுவது போயிற்று, முந்தானையைத் தோளில் மடித்துப் பின் குத்துவது ஒரு போர் மாதிரி ஆயிற்று. ராத்திரி வலப்பக்கம் புரண்டால் தூக்கம் அத்தோடு சரி. பள்ளியில் யாருக்கும் சொல்லாமல் பலகையின் மேல்பாதியைக் கைவிட்டேன். என் தேற்றங்கள் எல்லாம் பலகையின் இடுப்புக்குக் கீழே நடந்தன. ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "பைன ராயண்டி மேடம், கனபடட்லேது" என்றாள். மேலே எழுதுங்கள், தெரியவில்லை என்று சொல்கிறாள், அவ்வளவுதான். அதற்கு நான் எரிந்து விழுந்த வேகத்தில் வகுப்பே நடுங்கியது. அடுத்த நாள் அவளை முன் பெஞ்சுக்கு மாற்றினேன். காரணம் சொல்லவில்லை. எதையும் காரணம் சொல்லாமல் செய்வது எனக்குப் பழகிப்போன வித்தை.

மாத்திரை, ஊசி, ஒத்தடம், பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் போன திங்கட்கிழமை திருப்பதியில் ஒரு மூட்டு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, தோளின் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை என்னையே தேடச் சொன்னார். தேடினேன், இல்லை. குருத்தெலும்பு முழுக்கப் போய்விட்டது, எலும்பும் எலும்பும் உரசுகின்றன என்றார். பந்தை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு பந்து, கிண்ணத்துக்குப் பிளாஸ்டிக் என்று மேஜை மேலிருந்த பொம்மைத் தோளைக் கழற்றி மாட்டிக் காட்டினார். வலி பெரும்பாலும் போய்விடும், ஆனால் கை பழையபடி முழுக்க மேலே போகும் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். ஐந்தாறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட வேண்டும், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. சிலருக்குச் சீழ் பிடிக்கலாம், நரம்பு மரத்துப்போகலாம், அதையும் மறைக்காமல் சொன்னார். உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, ஆகவே அவசரப்படுத்த மாட்டேன், எப்போது என்பதை உங்கள் வலிதான் சொல்ல வேண்டும் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு இருந்த ஒருவர் தள்ளிப்போட்டுவிட்டார், அந்த இடம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பள்ளிப் பரீட்சை முடிந்த பிறகு பார்க்கலாம். இதுதான் பேச்சு.

திரும்பி வரும்போது காரில் என் வீட்டுக்காரர் உற்சாகமாக இருந்தார். அவருக்கு எதையும் உடனே முடித்துவிட வேண்டும். "செஞ்சிக்கலாம். இன்னாத்துக்கு யோசிக்கிற? நான் கீறேன் இல்ல? தியேட்டரு கதவு வரைக்கும் உன் கையப் புட்சிகினு வரேன்" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே, "எங்கம்மா மாதிரி ஸ்ட்ரெச்சர்லேர்ந்து எறங்கி ஓடியாந்துடப் போற" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் நான் கத்திக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, பாட்டைச் சத்தமாக வைத்தார். எனக்குக் கத்தி பயம் இல்லை. அந்தத் தியேட்டர் கதவுதான் பயம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரரின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிட்டேன். ஊரில் எல்லோருக்கும் அவர் சிஸ்டரம்மா. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கத்தி, கத்தரி, பஞ்சு, துணி என்று உள்ளே போனதெல்லாம் வெளியே வந்ததா என்று எண்ணிச் சொன்ன பிறகுதான் டாக்டர் தையல் போட முடியும்; அந்த எண்ணிக்கை அத்தையுடையது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. விருந்து முடிந்தால் கரண்டிகளை எண்ணுவார். கோயிலில், எங்கள் சர்ச்சைத்தான் சொல்கிறேன், பெண்கள் ஐக்கியம் கூடினால் தேநீர்க் கோப்பைகளை எண்ணுவார். என் கல்யாணமான புதிதில், நான் கணக்கு படித்தவள் என்று கேட்டு, "அப்ப நம்ப ரெண்டு பேருக்கும் ஒத்துப்போவும்" என்றார். ஒத்துத்தான் போயிற்று. சமையலில் மட்டும் நடுநடுவே உரசல். அவர் உப்பைக்கூட அளந்து போடச் சொல்வார், நான் கைக்கு வந்ததைப் போடுவேன்.

எங்கள் சபையில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முதலில் போதகரிடம் சொல்வார்கள், அடுத்து அத்தையிடம் வருவார்கள். போதகர் ஜெபம் பண்ணுவார். அத்தை கூடவே போவார். அதுதான் வித்தியாசம். ரிடையர் ஆன பிறகும், வேலூரோ திருப்பதியோ, பஸ் ஏறிப் போய்விடுவார். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்ட்ரெச்சர் தியேட்டர் கதவைத் தாண்டும் வரை அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். "ஒண்ணும் ஆவாது. கதவு வரைக்கும் நான் கீறேன். உள்ள போனதும் ஒண்ணு ரெண்டு எண்ணு. பத்து வர்றதுக்குள்ள தூங்கிடுவ" என்பார். எங்கள் தெருவில் தைரியசாலி என்று பெயரெடுத்த ஒரு மிலிட்டரிக்காரர் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனபோது அத்தையின் கையை நெரித்த நெரிப்பில் இரண்டு நாள் விரல் வீங்கியிருந்தது. அத்தை அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றார்.

இப்படிப்பட்டவர் தன் தோளை ஊருக்கு மறைத்தார் என்றால் யார் நம்புவார்கள்? சமையலறையில் மேல் தட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நான் வசதிக்காக என்று நினைத்தேன். அறுபத்தாறு வயதில் இடுப்பு வரை இருந்த தலைமுடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு வந்தார். கோயிலில் பெண்கள் ஒரு மாதம் அதையே பேசினார்கள். "வெயிலு தாங்கல" என்று சொல்லிவிட்டார். சித்தூர் வெயில் மேல் யாரும் சந்தேகப்பட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் அறைக்குள் ஒரு சத்தம் கேட்டு ஓடினேன். ஜாக்கெட்டை ஒரு கையில் மாட்டிக்கொண்டு, மறு கையை உள்ளே நுழைக்க முடியாமல், வெளியே எடுக்கவும் முடியாமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்திருந்தது. "கதவ மூடு" என்றார் முதலில். நான் ஜாக்கெட்டை மாட்டிவிட்டேன். தோளைத் தொட்டபோது எனக்கே தெரிந்தது, உள்ளே கரகரவென்று உரசியது. எத்தனை வருடமாக என்று கேட்டேன். நாலு என்றார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா, ஒரே வாரத்தில் திருப்பதியில் வேறொரு ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டார். அத்தை மறுக்கவில்லை. மயக்க மருந்து எது, நரம்புக்கு ஊசி உண்டா, உள்ளே வைப்பது எந்த மாதிரி என்று டாக்டரையே பரீட்சை வைத்தார். அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பையில் சேலை, பைபிள், சோப்பு டப்பா எல்லாம் எண்ணி வைத்தார். முதல் நாள் சாயங்காலம் என்னை மட்டும் கூப்பிட்டு ஒன்று கேட்டார். அதுவரை என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. "அவன் மருந்து அது இதுன்னு ஓடிகினு இருப்பான். நீ மட்டும் கதவு வரைக்கும் என் கூட இரு." இவ்வளவுதான். நான் ஏதோ வேடிக்கையாக, உங்களுக்கே கை பிடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அத்தை சிரிக்கவில்லை. "வேணும்" என்றார்.

அன்று காலை அத்தைக்குப் பச்சை உடை மாட்டி, வலது தோளில் பேனாவால் அம்புக்குறி போட்டு, தியேட்டருக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு ஆபரேஷன் இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். என் வீட்டுக்காரரை மருந்துச் சீட்டுடன் கீழே அனுப்பிவிட்டார்கள். விடிவதற்கு முன் சித்தூரிலிருந்து கிளம்பியது. எனக்குத் தலை வலித்தது. ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடுகிறேன் அத்தை என்றேன். "சீக்கிரம் வா" என்றார். கேன்டீனில் என்னோடு முன்பு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி நின்றிருந்தாள். யாருக்கு எந்த ஊருக்கு மாறுதல், யார் யாருக்குச் சிபாரிசு பிடித்தார்கள் என்று பேச்சு வளர்ந்தது. காப்பி ஆறி, இன்னொரு காப்பி வந்தது. நான் அன்று பேசியதில் ஒரு வார்த்தையாவது அவசியமானது என்று இருந்தால் என்னை நான் மன்னித்திருப்பேன். முக்கால் மணி நேரம் கழித்து மாடிக்கு வந்தபோது ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது. அத்தை நடைபாதை பெஞ்சில், பச்சை உடையோடு, கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு இளம் நர்ஸ் குழம்பிப்போய் நின்றாள்.

நடந்தது இதுதான். முன்னால் இருந்தவரின் ஆபரேஷன் நினைத்ததை விடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. அத்தையை உள்ளே கொண்டுபோக வந்தார்கள். கதவருகில் நிறுத்தி, அந்த நர்ஸ் வழக்கப்படி பெயரைக் கேட்டாள், சரியாகச் சொன்னார். பிறகு எந்தக் கை என்று தெலுங்கில் கேட்டாள். "ஏ செய்யி அம்மா?" அத்தை இடது கையைத் தூக்கிக் காட்டினார். அம்புக்குறி வலது தோளில் இருந்தது. சீட்டிலும் வலது என்றே இருந்தது. மறுபடி கேட்டாள், மறுபடி இடது. நோயாளி ஒன்று சொல்ல, சீட்டு ஒன்று சொன்னால் ஸ்ட்ரெச்சர் ஓர் அடி நகராது, டாக்டர் வந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்குள் அடுத்த நோயாளியை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அத்தை கொஞ்ச நேரம் படுத்திருந்தார், பிறகு யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வந்து, ஒன்றுமில்லை சிஸ்டர், மத்தியானம் செய்துவிடலாம் என்று எவ்வளவோ சொன்னார். அத்தை என்னைப் பார்க்காமலேயே, "வேணாம். வூட்டுக்குப் போலாம்" என்றார். மருந்துப் பையோடு மூச்சிரைக்க மாடியேறி வந்த மகனிடம், "பயந்துட்டேன்டா" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எங்கள் குடும்பத்தில் வேடிக்கைக் கதை ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன சிஸ்டரம்மா, தன் முறை வந்ததும் கை மாற்றிச் சொல்லிவிட்டு ஓடிவந்த கதை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் அதை நடித்தே காட்டுவார், இடது கையைத் தூக்கி, கண்ணை உருட்டி. எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது. நான் அங்கே இல்லை என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் மாடியேறி வந்தபோது நான் அத்தை பக்கத்தில்தான் நின்றிருந்தேன், அதனால் கேட்கவே இல்லை. அத்தையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர் வலது பக்கம் படுத்ததில்லை. சாய்வு நாற்காலியிலேயே தூங்கினார். கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்க முடியாமல், தெரிந்த பாட்டுக்கு மட்டும் வாயசைத்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது நெஞ்சு வலி, தோள் இல்லை. ஆனால் தோள் அந்த ஆறு வருடத்தையும் தின்றுவிட்டது.

ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார். இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, ஒரு சாயங்காலம், கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். நான் கீழே உட்கார்ந்து புளிச்சகீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்தாமலேயே, "அன்னிக்கி எனக்கு எந்தக் கைன்னு தெரியாமலா கீது?" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "இருவத்தெட்டு வருசம் அந்தக் கேள்விய நான் கேட்டவ. பேச்சு மாறிச்சின்னா உள்ள இட்டுகினு போவ மாட்டாங்க. டாக்டரு வரணும், சீட்டு பாக்கணும், கால் மணி நேரம் ஆவும். அதுக்குள்ள நீ வந்துடுவன்னு நெனச்சேன்." பதின்மூன்று, பதினான்கு. கயிறு கிறீச் கிறீச் என்று ஓடியது. மன்னித்துவிடுங்கள் அத்தை என்று சொல்ல வாய் வரவில்லை. அவராகவே, "கால் மணி நேரம்தான் என் கையில இருந்துச்சி. அப்பால தைரியம் போய்டுச்சி" என்று முடித்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அவன்கிட்ட சொல்லாத. உன் மேல பாய்வான்" என்று சொல்லிவிட்டு இருபது வரை எண்ணி முடித்தார்.

நான் சொல்லவில்லை. அத்தை சொல்ல வேண்டாம் என்றாரே என்று எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. அவர் போய் மூன்று வருடமாகிறது. போன திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்து வந்ததிலிருந்து கயிறு மாட்டி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒன்று நிச்சயமாயிற்று. இந்த ஆபரேஷன் எனக்கு வேண்டும். வலி என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டவளாக்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன். ஆனால் இந்த மனிதர், தன் அம்மாவின் கையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் நான் இல்லை என்பது தெரியாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவு வரை வந்தால் நான் என்ன ஆவேன்? எந்தக் கை என்று கேட்டால் நானும் இடது என்றுதான் சொல்வேன். சொல்லாமல் ஆபரேஷன் இல்லை. சொன்னால் அந்தக் கை எனக்கு வருமா என்பது தெரியாது. செவ்வாய் முழுக்கச் சொல்ல வாயெடுத்து மூடினேன்.

புதன்கிழமை காலை அவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அழாமல், விடாமல், காப்பி, கேன்டீன், முக்கால் மணி நேரம், இடது கை, கால் மணி நேரம், எல்லாவற்றையும் கணக்கு ஒப்புவிப்பது போல வரிசையாகச் சொன்னேன். அவர் கையில் இருந்த இட்லி அப்படியே நின்றது. பிறகு எழுந்து கையைக் கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "ஊரெல்லாம் கூட்டி வெச்சி நான் நடிச்சிக் காட்டுனேனே. நீயும் சிரிச்சிகினு உக்காந்திருந்தியே." "காப்பி" என்று சொல்லிப் பார்த்தார், அந்தச் சொல்லையே முதல் தடவை கேட்பது போல. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எங்கம்மாவ அப்பிடிப் பேசியிருப்பனா?" குரல் உடைந்தது. அவர் அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றும் வியாழக்கிழமையும் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்திருக்கிறார் என்பது செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணில் தெரிந்தது. நான் பள்ளிக்குப் போய் வந்தேன். பலகையின் கீழ்ப்பாதியில் ஒரு வட்டம் வரையப் போய் அது முட்டை மாதிரி வந்தது; பிள்ளைகள் சிரிக்கவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்கும். போன் செய்யப் போவதில்லை என்று வியாழக்கிழமை சாயங்காலமே முடிவு செய்துவிட்டேன். இந்த வலி எனக்கு நியாயமான தண்டனை என்றுகூடத் தோன்றியது. அத்தை ஆறு வருடம் பொறுத்தார், நானும் பொறுத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதி இருந்தது. அது கோழையின் நிம்மதி என்று இப்போது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை, அதாவது இன்று, வழக்கம்போல நாற்காலியைக் கதவுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தேன். நீலக் கயிறு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அதற்கு இடம் தேட வேண்டியதில்லை. இடது கையால் இழுத்தேன். வலது கை காது மட்டத்துக்கு வந்து நின்றது. ஒன்று. கீழே விட்டேன். இரண்டு. நாலாவது தடவை இடது கைக்கும் சோர்வு வந்து பாதியில் நின்றுவிட்டேன். பின்னால் காலடிச் சத்தம். அவர் வந்து என் இடது கையிலிருந்து கயிற்று முனையை வாங்கிக்கொண்டார். மெல்ல இழுத்தார். என் வலது கை, நான் ஒன்றும் செய்யாமலேயே, மேலே போயிற்று. வலித்தது. என் மூச்சு மாறியதும் நிறுத்தி, இறக்கி, மறுபடி இழுத்தார். "அஞ்சி" என்றார். "ஆறு." அத்தை எண்ணும்போது குரலில் இருந்த அதே இழுப்பு, அந்தக் குடும்பத்தின் இழுப்பு. என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்க எனக்கு ஒரு கை சும்மா இருந்தும் துடைக்கவில்லை. இருபது வந்ததும் கயிற்றைக் கதவிலிருந்து இறக்கிச் சுருட்டினார். பிறகு எக்கி நின்று, அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. அதை அவர் இத்தனை வருடத்தில் இன்றுதான் தொடுகிறார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடு" என்றார். நான் நகரவில்லை. அவரே என் போனை எடுத்து வந்து மடியில் வைத்தார். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. கோபம் தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், அது தீர நாள் ஆகும், தீராமலும் போகலாம். நான் எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமல், கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"நான் காப்பிக்குப் போவ மாட்டேன்."